ரெக்சன் பிடித்த ஓஸ்

என் தம்பி ரெக்சன்தான் என் புருஷனைக் கொன்றான் என்று எங்கள் தெருவில் சொல்லாத வாய் இல்லை. மீன் வாங்கப் போனால் சொல்கிறார்கள், தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றால் சொல்கிறார்கள், பூசை முடிந்து கோயில் படியிறங்கும்போதும் சொல்கிறார்கள். என் காதில் விழாமல் மெதுவாகப் பேசுவதாக அவர்களுக்கு நினைப்பு. எனக்கு எல்லாமே விழுகிறது. இத்தனை பேர் இத்தனை உறுதியாகச் சொல்வது சுத்தப் பொய். அதை எப்படி என்று நான் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிப்போயிற்று. இன்னும் ஒரு தடவை சொல்கிறேன்.

என் புருஷன் பெயர் இனிகோ. சங்கு குளிக்கிறவர். எங்கள் பக்கம் இப்போது யாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்குவதில்லை. வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து நீளமாக ஒரு ஓஸ், ரப்பர் குழாய், கடலுக்குள் போகும். அதன் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு அடியில் நடந்து சங்கு பொறுக்குவார்கள். மேலே ஒருத்தன் அந்த ஓஸைக் கையில் பிடித்தபடியே நிற்கவேண்டும். ஓஸ் மடங்கக்கூடாது, காற்று திசை மாறி எஞ்சின் புகை கம்ப்ரசருக்குள் போய்விடக்கூடாது, கீழே இருப்பவன் சுண்டினால் உடனே மேலே இழுக்கவேண்டும். முத்துக் குளித்த காலத்தில் கயிறு பிடித்தவன் யாரோ அவனேதான் இன்றைக்கு ஓஸ் பிடிக்கிறவனும்: பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன். தன் அக்காளையோ தங்கச்சியையோ முண்டச்சியாக்க எவனுக்கும் மனசு வராது, அதனால் அவன் கை அசராது என்று ஒரு கணக்கு. நல்ல கணக்குதான். கல்யாணம் பேசும்போதே பெண்ணுக்கு அண்ணன் தம்பி உண்டா, ஆள் எப்படி என்று விசாரிப்பார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் என்னைவிட ரெக்சனைத்தான் அதிகம் பார்த்தார்கள். காபியை நான் கொண்டு வந்தேன், கேள்வியெல்லாம் அவனிடம் கேட்டார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கீழே போகிறவன் தன் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் அதை யாரும் எதிர்த்துப் பேசக்கூடாது. "நீ பிடிச்சா எனக்குச் சரிப்படல" என்று சொல்லிவிட்டானா, ஏன் என்று கேட்காமல் ஓஸைக் கீழே வைத்துவிட்டு விலகிவிட வேண்டும். அடியில் இருப்பவன் உயிர், அவனுக்குத்தானே தெரியும் என்பார்கள். கேட்கிறபோது நியாயமாகத்தான் இருக்கும். எங்கள் குடும்பம் நாசமானது இந்த நியாயத்தால்தான்.

கல்யாணமான நாளிலிருந்து ரெக்சன்தான் அவருக்கு ஓஸ் பிடித்தான். மாப்பிளையும் அத்தானுமாக அவர்கள் அடித்த கூத்துக்கு அளவில்லை. எங்களுக்குக் குழந்தை இல்லை. அதற்கும் தெருவில் ஒரு பேச்சு உண்டு, அதை இங்கே விடுகிறேன். வீட்டில் நானும் அவரும், மாமியும், அவர் தங்கச்சி ஸ்டெபியும்தான். நான் காலையில் பேக்கரிக்குப் போய் மக்ரூன் பாக்கெட் போடுவேன். அவர் குளிக்கப் போவார். குறையென்று சொல்ல ஒன்றுமில்லாமல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் அவருக்குத் தூக்கம் போயிற்று. பிறகு பேச்சுக் குறைந்தது. சாப்பாட்டுத் தட்டை மூக்குக்கு நேராகத் தூக்கி மோந்து பார்த்துவிட்டு வைப்பார். குழம்பில் என்ன கோளாறு என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார். அலுப்பு என்று நினைத்தேன். கடல் தொழில் செய்கிறவனுக்கு எதைக் கேட்டாலும் அலுப்பு என்றுதானே சொல்கிறோம்.

ஒருநாள் மத்தியானம் கடலிலிருந்து வந்தவர் கால்கூடக் கழுவாமல் உட்கார்ந்து சொன்னார். "ரெக்சன் என் காத்துல புகையை விடுதான்."

அவர் வள்ளத்திலேயே எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார். ரெக்சன் ஏன் என்றுகூடக் கேட்கவில்லையாம். "சரி அத்தான்" என்று ஓஸைக் கீழே வைத்துவிட்டானாம். நான் அன்றைக்கே அவன் வீட்டுக்குப் போய்ச் சண்டை பிடித்தேன்.

"என்னடே பண்ணுன?"

"நான் ஒண்ணும் பண்ணல அக்கா. காத்து எந்தப் பக்கம் அடிச்சாலும் கம்ப்ரசரைத் திருப்பித் திருப்பித்தான் வைக்கேன். ஆனா அத்தான் சொல்லிட்டாரு. அதுக்குமேல நான் என்ன பேச?" அவன் கண் கலங்கியிருந்தது.

வள்ளத்துக்குச் சொந்தக்காரர் மெல்வின் அண்ணன். அவர் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கம்ப்ரசரைப் பிரித்துப் பார்த்தார். பில்டர் மாற்றினார்கள், ஆயில் மாற்றினார்கள். ஒரு குறையும் இல்லை என்று மெக்கானிக் சொல்லிவிட்டுப் போனான். மிஷினில் குறையில்லை என்றால் பிடித்தவனிடம்தான் குறை என்று தெரு முடிவு கட்டியது. குளிக்கிறவனிடம் குறை இருக்கலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தோன்றக்கூடாது என்றுதானே வழக்கமே வைத்திருக்கிறோம்.

அடுத்து என் சின்னையா மகன் கிளைட்டன் ஓஸ் பிடிக்கப் போனான். கோயில் திருநாள் கொடியேறுவதற்குள் அவனும் ஓஸை வைத்துவிட்டு விலகவேண்டி வந்தது. "கிளைட்டனும் அதே புகையைத்தான் விடுதான்" என்றார் இவர். பிளாரன்ஸ் வீட்டு ஆம்பளைகளே அப்படித்தான், ஒரு ரத்தம்தானே என்று என் பேரைச் சொல்லிப் பேச்சு வந்தது. நான் தலை குனிந்து நடக்க ஆரம்பித்தேன். எனக்கே ரெக்சன்மேல் லேசாகச் சந்தேகம் இருந்தது, ஆனாலும் ரெண்டு பேரும் ஒரே தப்பை எப்படிச் செய்வார்கள் என்று மனசு கேட்டுக்கொண்டே இருந்தது.

அதற்குப் பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. கடலுக்குப் போகாத நாள். நான் குசினியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அடுப்புகூடப் பற்றவைக்கவில்லை. அவர் நிலைப்படியில் வந்து நின்று காற்றை இழுத்து மோந்தார்.

"இங்கனயும் விட்டுட்டானுவ" என்றார்.

"எதை?"

"புகையை."

"வீட்டுக்குள்ள ஏதுங்க கம்ப்ரசர்? யாரு விடுதா?"

அவர் என் பக்கத்தில் வந்து குனிந்தார். பிறகு ரகசியம் சொல்கிற மாதிரி சொன்னார். "ரெண்டு பேரு இருக்கானுவ. ஒருத்தன் பேசுதான், மத்தவன் சிரிக்கான். நான் செய்யதையெல்லாம் ஒருத்தன் சொல்லிக்கிட்டே வாரான். இப்ப சட்டை போடுதான், இப்ப நிலைப்படியில நிக்கான், இப்ப பெண்டாட்டிட்ட சொல்லப்போறான். அப்படி. உனக்குக் கேக்கலையா?"

இல்லை என்று தலையாட்டினேன். பைத்தியம் என்றால் சட்டையைக் கிழித்துக்கொண்டு ரோட்டில் ஓடுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். என் முன்னால் நின்றவர் துவைத்த சட்டை போட்டுத் தலை சீவி, பயந்துபோன பிள்ளை மாதிரி நின்றார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது நிம்மதி. ரெக்சன் ஒன்றும் செய்யவில்லை. அடுத்த மூச்சில்தான் ஐயோ இவர் என்ன ஆவார் என்ற நினைப்பு வந்தது.

மாமியிடம் சொன்னேன். மாமி ஜெபக் கூட்டத்துக்கு அழைத்துப் போய் எண்ணெய் பூசிக்கொண்டு வந்தார். பங்குச் சாமியாரிடமும் போனார். அந்தச் சாமியார் நல்ல மனுஷன். "நான் செபம் பண்ணுதேன், நீங்க டாக்டரைப் பாருங்க" என்று சொல்லி அனுப்பினார். தூத்துக்குடியில் பார்த்தால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பாளையங்கோட்டைக்குப் போக முடிவானது. பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே மாமி தெருவில் காரணம் சொல்லி வைத்துவிட்டார்: இனிகோவுக்குக் காதுக் கோளாறு, வைத்தியம் பார்க்கப் போறோம் என்று. குளிக்கிறவனுக்குக் காது போவது ஊரறிந்த சங்கதி. அதற்குமேல் யாரும் கேட்கமாட்டார்கள். ஸ்டெபிக்கு அப்போது கப்பலில் வேலை பார்க்கும் ஒரு மாப்பிள்ளையைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"காதுன்னு சொன்னா ரெக்சன் பேரு எப்படி மாமி மீளும்? அவன் புகை விட்டான்னுதானே எல்லாரும் நினைக்காங்க."

"உன் தம்பி பேரு மெதுவா மீளட்டும் ஏளா. என் மவ கல்யாணம் நின்னா திரும்ப வருமா?"

நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அந்த வீட்டில் என் சொல் குசினியைத் தாண்டாது.

டாக்டர் ஐஸ்வர்யா சின்னப் பெண்தான். என் புருஷனை வெளியே அனுப்பாமல், இவரிடமே எல்லாம் கேட்டார். பேசுகிறவன் குரல் தெரிந்த குரலா, தெரியாத குரலா. உள்ளே கேட்கிறதா, வெளியே கேட்கிறதா. உங்களைச் சாகச் சொல்கிறதா. ஒருவராவது இதை இப்படிக் கேட்கிறாரே என்று இவர் முகமே மாறிவிட்டது. பிறகு டாக்டர் எங்களிடம் சொன்னார். இதற்கு சைக்கோசிஸ் என்று பெயர். மூளையில் வருகிற நோய், யார் செய்த பாவமும் இல்லை. இல்லாத வாடை வரும், இல்லாத குரல் கேட்கும், அது அவருக்கு நிஜம். யார் நம்மைப் பத்திரமாகப் பிடித்திருக்கிறார்களோ அவர்கள்மேலேயே சந்தேகம் வருவது இதில் சகஜம்.

"அவர் சொல்றதைப் பொய்னு வாதாடாதீங்க. ஆமான்னும் சொல்லாதீங்க. பயமா இருக்கான்னு மட்டும் கேளுங்க. மாத்திரை நிறுத்தக்கூடாது. நல்லாயிட்டுன்னு நிறுத்தினா திரும்ப வரும், வரும்போது அவருக்கே தெரியாது. தூக்கம் குறைஞ்சா உடனே கூட்டிட்டு வாங்க. கடல்ல இறங்கவே கூடாது."

மாத்திரை வேலை செய்தது. முதலில் தூக்கம் வந்தது. பிறகு சிரிக்கிறவன் போனான். கடைசியில் பேசுகிறவனும் போனான். "ஏளா, இப்ப யாரும் பேசல" என்று ஒரு காலையில் என்னிடம் வந்து சொன்னபோது நான் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். வாய் வறண்டுபோகிறது என்பார், உடம்பு பெருத்தது, கை கால் இறுக்கமாக மெதுவாக நடப்பார். மெல்வின் அண்ணன் அவரைக் கரையிலேயே சங்கு கழுவுகிற வேலைக்கு வைத்திருந்தார். நல்ல குளிகாரனுக்கு அது தண்டனை மாதிரிதான். ஆனாலும் உயிரோடு, நிதானத்தோடு என் புருஷன் திரும்பி வந்திருந்தார். எனக்கு அது போதும்.

நிதானம் வந்ததும் அவருக்கு முதலில் உறைத்தது ரெக்சன்தான். ஒரு சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு மில்லர்புரத்தில் அவன் இருக்கிற வீட்டுக்குப் போனார். எங்கள் அம்மா கதவைத் திறந்தாள். இவர் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றார்.

"மாப்பிள, நீ புகை விடலடே. எல்லாம் என் தலைக்குள்ள வந்தது. டாக்டரம்மா சொல்லிட்டாங்க. எனக்கே தெரியுது."

ரெக்சன் அவரைக் கட்டிக்கொண்டான். அம்மா அவசரமாக டீ போடப் போனாள். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த கடைசிச் சாயங்காலம் அது.

அதிலிருந்துதான் வினை பிடித்தது. மன்னிப்புக் கேட்டது மில்லர்புரத்தில் அவன் வாசலில் நடந்தது, எங்கள் தெருவுக்கு எப்படித் தெரியும்? காதுதான் கோளாறு என்று சொல்லி வைத்தாயிற்று. காதுக் கோளாறுக்கும் புகைக்கும் என்ன சம்பந்தம்? ரெக்சனை எந்த வள்ளத்திலும் ஓஸ் பிடிக்கச் சேர்க்கவில்லை. அவனுக்கு எவனும் பெண் கொடுக்கவும் தயாராக இல்லை. கை அழுக்கானவன் என்று பெயர். அந்தப் பெயரைத் துடைக்க எங்கள் கரையில் ஒரே வழிதான் உண்டு. வேண்டாம் என்று சொன்னவனே திரும்ப அவன் பிடிக்க முங்கி, நல்லபடியாக ஏறி வரவேண்டும்.

"ஒரே ஒரு தடவை அவன் கையில நான் முங்கி ஏறணும்ளா. நான் கெடுத்த பேரை நான்தான் எடுக்கணும்." இதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"ஒரு தடவைதானே."

மாத்திரை போட்டால் அடியில் கை வராது என்று அவராகவே நிறுத்திவிட்டார். எனக்குத் தெரியாது. நான் கொடுக்கிற மாத்திரையை என் முன்னால் வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார், பிறகு கொல்லைப்பக்கம் போய்த் துப்புவார். கொஞ்ச நாளில் நடை வேகமானது, பேச்சு கலகலப்பானது. "இப்பத்தான் என் மவன் மாதிரி இருக்கான்" என்று மாமி பூரித்துப்போனார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அவர் விடிகிறவரை கண்ணைத் திறந்தபடி படுத்திருக்கிறார் என்று தெரிகிறவரை. கேட்டேன். மறைக்காமல் ஒத்துக்கொண்டார். டாக்டருக்கு போன் போட்டேன். உடனே கூட்டி வாருங்கள், மாதம் ஒரு தடவை போடுகிற ஊசி இருக்கிறது, மாத்திரையே வேண்டாம் என்றார். அதைச் சொன்னதும் இவரும் சரி என்றார். "முங்கி ஏறிட்டு வாரேன். வந்து ஊசி போட்டுக்கிடுதேன். சத்தியம்."

நான் மெல்வின் அண்ணன் வீட்டுக்குப் போனேன். மாமிக்குத் தெரியாமல் போனேன். அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, அவருக்குக் காதில்ல. மனநோய். குரல் கேக்கும், புகை வாடை வரும். இப்ப மருந்தை நிறுத்திட்டாரு. அவரைக் கடல்ல இறக்காதீங்க."

அவர் முதலில் பக்கத்து வீட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மெதுவா பேசு பிள்ள. இதை வெளிய சொன்னா ஸ்டெபி கல்யாணம் என்னாவும்? நான் பாத்துக்கிடுதேன், நீ போ."

பார்த்துக்கொள்கிறேன் என்றால் தடுப்பார் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அந்த சீசனில் அவருக்கு ஆள் தட்டுப்பாடு. இனிகோ மாதிரி குளிக்கிறவன் தானாகவே வருகிறேன் என்றால் அவர் எதைப் பார்ப்பார்?

அங்கிருந்து நேராக ரெக்சனிடம் போனேன். நீயாவது பிடிக்க மாட்டேன் என்று சொல்லுடே என்று கெஞ்சினேன்.

"நான் மாட்டேன்னு சொன்னா அத்தான் என்ன நினைப்பாரு? பாத்தியா, உள்ளுக்குள்ள குத்தம் இருக்கு, அதான் பயப்படுதான்னு நினைப்பாரு. திரும்ப அந்தப் புகை வந்துரும். சரி, நான் பிடிக்கல. வேற எவனாவது பிடிப்பான். அவரு முங்காம இருப்பாரா? எவனோ பிடிக்கிறதுக்கு நான் பிடிக்கேன் அக்கா. என் கையில இருந்தா கொஞ்சம் அசைஞ்சாலும் இழுத்துருவேன்."

அவன் சொன்னதில் ஒரு தப்பும் எனக்குக் கிடைக்கவில்லை. இப்போதும் கிடைக்கவில்லை. மாட்டேன் என்றாலும் கேடு, சரி என்றாலும் கேடு என்கிற இடத்தில் கொண்டுபோய் அவனை நிறுத்திவிட்டோம்.

அவர் ரெக்சன் கையில் முங்கப் போன அன்றைக்கு நான் பேக்கரியில் பாக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன். அதனால் கடலில் நடந்தது எனக்கு ரெக்சன் சொல்லித்தான் தெரியும். வள்ளத்தில் இருந்த மற்றவர்களும் அதையேதான் சொல்கிறார்கள், அர்த்தத்தை மட்டும் மாற்றிக்கொண்டு.

முதல் தடவை நன்றாகவே முங்கினார். பை நிறையச் சங்கோடு ஏறினார். எல்லாரும் சிரித்தார்கள், ரெக்சனின் தோளில் தட்டினார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னொரு தடவை என்று இறங்கினார். இறங்கிய வேகத்திலேயே மேலே வந்து, வள்ளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "மாப்பிள, புகை அடிக்குடே" என்றார். எல்லார் காதிலும் விழுந்தது.

ரெக்சன் உடனே ஓஸைக் கீழே வைத்துவிட்டு எஞ்சினை நிறுத்தப் போனான். வழக்கம் அதுதான். இவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். "இல்லடே. அது என் தலைக்குள்ளதான். எனக்குத் தெரியும். நீயே பிடி." அதைச் சன்னமாகச் சொல்லியிருக்கிறார். எஞ்சின் சத்தத்தில் பக்கத்தில் நின்ற ரெக்சனுக்கு மட்டும்தான் கேட்டது. சொல்லிவிட்டு ஓஸைக் கடித்துக்கொண்டு முங்கிவிட்டார். ரெக்சன் பாய்ந்து ஓஸை எடுத்தான்.

புகை வருகிறது என்று மூக்கு சொல்கிறது, விஷத்தை இழுக்கிறான் பார் என்று காதுக்குள் ஒருத்தன் சொல்கிறான், மற்றவன் சிரிக்கிறான். அத்தனையையும் கேட்டுக்கொண்டே, பொய், என் மாப்பிள அப்படிச் செய்யமாட்டான் என்று நம்பி அந்த மனுஷன் கீழே போயிருக்கிறார். அவ்வளவு தைரியம் எனக்கு வராது. கொஞ்ச நேரம்தான் தாங்கியிருக்கிறார். சுண்டல் ஒன்றும் வரவில்லை. ரெக்சன் கையில் ஓஸ் திடீரென்று கனம் இல்லாமல் ஆனது. இழுத்தான். வெறும் முனை நுரைத்துக்கொண்டு வந்தது. வாயிலிருந்து அவரே பிடுங்கி விட்டிருக்கிறார். ரெக்சன் அப்படியே குதித்தான். மூச்சுப் பிடித்து மூச்சுப் பிடித்துத் தேடினான், மற்றவர்கள் அவனை இழுத்து வள்ளத்தில் போடுகிறவரை. அவரை வேறு வள்ளத்துக்காரர்கள் பிற்பாடுதான் கண்டெடுத்தார்கள்.

போலீஸுக்கு டாக்டர் ஐஸ்வர்யா எழுதிக் கொடுத்தது போதுமாக இருந்தது. விபத்து என்று முடித்துக்கொண்டார்கள். தெருவுக்கு அது போதவில்லை. செத்தவன் ஒரு தடவையல்ல, ரெண்டு தடவை சொல்லியிருக்கிறான். கடைசியாகச் சொன்னதே புகை அடிக்கிறது என்றுதான். குளிக்கிறவன் தன் காற்றைப் பற்றிச் சொன்னதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? என் புருஷனின் நோயை ஊரே வாங்கிக்கொண்டது. அவருக்காவது மருந்து இருந்தது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லாரும் கோயில் வாசலில் நின்றபோது நான் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். என் புருஷனுக்கு மனநோய், வைத்தியம் பார்த்தோம், குணமானார், மருந்தை நிறுத்தினார், என் தம்பி ஒரு பாவமும் அறியான்.

"தம்பியைக் காப்பாத்துததுக்காகச் செத்த புருஷனைப் பைத்தியமாக்குதா பாருங்க" என்றார் மாமி. அழுதுகொண்டேதான் சொன்னார். பாளையங்கோட்டைக்கு என்னோடு பஸ்ஸில் வந்தவர். பக்கத்தில் ஸ்டெபி நின்றாள். அவளுக்கும் எல்லாம் தெரியும். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"மெல்வின் அண்ணன்ட்ட முன்னாலயே சொன்னேன். கேளுங்க" என்றேன்.

எல்லாரும் மெல்வின் அண்ணனைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை. "காது சரியில்லன்னு சொன்னா. நானும் காதுன்னுதான் நினைச்சேன்" என்றார். மனநோய்க்காரன் என்று தெரிந்தும் கடலில் இறக்கினார் என்றால் அவர் நிலைமை என்னாகும்? எனக்குப் புரியாமல் இல்லை. புரிகிறதனால் ஆத்திரம் குறைந்துவிடுமா? அந்த இடத்திலேயே அவரை நாலு வார்த்தை கேட்டேன். கேட்டதற்கு, அக்காக்காரிக்கு வாயைப் பாரு என்று இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஸ்டெபியின் கல்யாணம் நிற்கவில்லை. நல்லபடியாக நடந்தது என்று கேள்விப்பட்டேன்.

இப்போது நான் அம்மாவோடு மில்லர்புரத்தில்தான் இருக்க வந்திருக்கிறேன். வந்த பிறகுதான் ரெக்சன் இருக்கிற நிலையைப் பார்த்தேன். அவன் சரியாகத் தூங்கி நாளாயிற்று என்றாள் அம்மா. அந்தக் கம்ப்ரசரில் இனி எவனும் முங்கமாட்டான் என்று மெல்வின் அண்ணன் அதைப் பழைய இரும்புக்குப் போட இருந்தாராம். இவன் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். கொல்லையில் வைத்து ஓட்டுகிறான். பட்டப்பகலில், பக்கத்து வீட்டுக்காரர்கள் சத்தம் தாங்காமல் ஏச, ஓஸின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து இழுத்து இழுத்துப் பார்க்கிறான். எஞ்சினை இந்தப் பக்கம் திருப்பி வைத்துப் பார்க்கிறான், அந்தப் பக்கம் திருப்பி வைத்துப் பார்க்கிறான்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஓஸை வாயிலிருந்து எடுத்தான்.

"அக்கா, அன்னைக்கு வாடைக் காத்து லேசா திரும்புச்சு. நான் உடனே மாத்தி வச்சேன்னுதான் நினைக்கேன். ஒருவேளை நிஜமாவே போயிருக்குமோ?"

"போகலடே. அவரே உங்கிட்ட சொல்லிட்டுத்தானே முங்குனாரு. தலைக்குள்ளதான்னு."

"அது எனக்கு மட்டும்தானே கேட்டுச்சு" என்றான். "வேற யாருக்கும் கேக்கலையே."

அவன் கையிலிருந்த ஓஸை வாங்கினேன். என் முந்தானையால் துடைத்துவிட்டுக் கடித்தேன். ரப்பர் வாடையும் அவன் எச்சில் சூடும் இருந்தது. நெஞ்சு நிறைய இழுத்தேன். திரும்பவும் இழுத்தேன். வெறும் காற்றுதான், ஒரு துளி புகை இல்லை.

"நல்ல காத்துடே ரெக்சா. சுத்தமா இருக்கு."

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ என் அக்கா. நீ அப்படித்தான் சொல்லுவ" என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்து ஓஸை வாங்கித் திரும்பவும் கடித்துக்கொண்டான்.